விருந்துக்குச் சூடான காய்கறி டிப்: செய்முறையும் கணக்கும்



நம் குழுக்களில் உணவுத் தொழில் என்று பேச்செடுத்தால் ஊறுகாய், அப்பளம், வடகம், மசாலாப் பொடி, இட்லி மாவு என்றுதான் பட்டியல் போகும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்துக் குழுவும் எதிர்த்தெருக் குழுவும் அதையே செய்தால் வாங்குவது யார்? கண்காட்சிக்குப் போனால் பத்துக் கடையிலும் அதே மாங்காய் ஊறுகாய்.

மாத்தூர்ப் பக்கம் இப்போது வேறு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஊராட்சியாக இருந்த மாத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து மணலி மண்டலத்துக்குள் வந்துவிட்டது. எம்.எம்.டி.ஏ. குடியிருப்பிலும் மணலி, மாதவரம் பக்கத்து அடுக்கு வீடுகளிலும் குழந்தை பிறந்தநாள், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று சின்னச் சின்ன விசேஷங்கள் நடந்தபடியே இருக்கின்றன. முப்பது பேர், நாற்பது பேர் வருவார்கள். சமையல்காரரைக் கூப்பிட அது சிறிய வேலை, வீட்டுக்காரம்மாவே செய்ய அது பெரிய வேலை. கேக், சமோசா, சிப்ஸ் மூன்றும் எல்லா வீட்டிலும் பார்த்துச் சலித்தாகிவிட்டது. “வேற ஏதாச்சும் புதுசா இருக்காக்கா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க ஏற்ற ஒரு பண்டம்தான் சூடான காய்கறி டிப்.

டிப் என்றால் என்ன?

பேர்தான் இங்கிலீஷ். டிப் என்றால் தொட்டுக்க, அவ்வளவுதான். இட்லிக்குச் சட்னி, பஜ்ஜிக்குத் தேங்காய்ச் சட்னி மாதிரி, இது ரொட்டித் துண்டுக்கும் கேரட், வெள்ளரித் துண்டுக்கும் தொட்டுக்கொள்வது. பாலும் வெண்ணெயும் சேர்த்த குழைவான கலவையில் வெந்த காய்கறியைக் கலந்து, தட்டத்தில் பரப்பி, ஓவனில் வைத்துச் சூடாக எடுப்பார்கள். மேலே லேசாகச் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே கெட்டித் தயிர்போல் இளகி இருக்கும். அமெரிக்காவில் கீரையும் ஆர்ட்டிசோக் என்ற ஒரு பூமொட்டும் போட்டுச் செய்வார்கள். அந்த மொட்டுக்காக நாம் அலைய வேண்டாம். கீரையும் மக்காச்சோளமும் போதும்.

நம் ஊருக்கு இது முழுக்க அந்நியமும் இல்லை. மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பால் ஊற்றிக் கிண்டும் ஒயிட் சாஸ் பிரான்ஸ் நாட்டுச் சமையலில் பெஷமெல் எனப்படும். வெள்ளைக்காரர் காலத்தில் கிளப்புகள் வழியாகவும் ஆங்கிலோ இந்தியர் வீடுகள் வழியாகவும் இது இந்தியாவுக்குள் வந்தது. இதைக் காய்கறியோடு சேர்த்து ஓவனில் வைத்த ‘பேக்டு வெஜிடபிள்’ கிளப்புச் சாப்பாட்டிலும் மனையியல் வகுப்புகளிலும் ரொம்ப காலமாக இருக்கிறது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நமக்குக் கூப்பிடு தூரம். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தார்கள். நாம் செய்யப்போவது அதே பேக்டு வெஜிடபிளைக் கொஞ்சம் இளக்கமாக, தொட்டுக்கொள்கிற பதத்தில் செய்வதுதான்.

மோர்க்குழம்பு தெரிந்தவருக்கு இது தெரியும்

“பாலும் தயிரும் கீரையும் ஒண்ணா சேர்த்தா திரிஞ்சு போகாதா?” என்று பயிற்சியில் கட்டாயம் ஒருவராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. மோர்க்குழம்புக்கு அரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து அரைத்து ஊற்றுகிறோமே, எதற்கு? ருசிக்கு மட்டுமில்லை. மாவுச்சத்து சூட்டில் வீங்கி மோரைப் பிடித்துக்கொள்கிறது, மோர் திரியாமல் இருக்கிறது. இங்கே அந்த வேலையைச் செய்வது மைதா. மைதாவை வெண்ணெயில் வறுக்கும்போது ஒவ்வொரு துகளின் மேலும் கொழுப்பு படிகிறது. அதனால் பால் ஊற்றும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டாமல் பிரிந்து நின்று வேகின்றன. வெந்த மாவு பாலைக் கெட்டியாக்குகிறது. பிறகு சேர்க்கும் தயிரும் திரியாமல் நிற்கிறது.

மோர்க்குழம்பில் எப்படிக் கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்குகிறோமோ, இங்கேயும் தயிர் சேர்த்த பிறகு அடுப்பு மேல் நேரடிக் கொதி கூடாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

தேவையான பொருட்கள் (சுமார் 30 பேருக்கு, தலைக்கு 40 கிராம்)

பாலக்கீரை – 500 கிராம்
மக்காச்சோள முத்து – 150 கிராம்
பெரிய வெங்காயம் – 2
பூண்டு – 8 பல்
வெண்ணெய் – 50 கிராம்
மைதா – 50 கிராம்
நிறைகொழுப்புப் பால் – அரை லிட்டர்
புளிக்காத தயிர் – அரை கிலோ
சீஸ் – 100 கிராம்
மிளகுத் தூள் – ஒன்றரை டீஸ்பூன்
ஜாதிக்காய்த் தூள் – ஒரு சிட்டிகை
ரஸ்க் – 4
உப்பு – பார்த்துப் போடவும்

பாலக் என்று கேட்டே வாங்குங்கள். பசலைக்கீரை வேறு, அது வழுவழுப்பு, இதற்கு ஒத்துவராது. பாலக் கிடைக்காத நாளில் சிறுகீரை போடலாம். முருங்கைக்கீரை வேண்டாம், நறநறவென்று நாக்கில் நிற்கும். “ராத்திரி விருந்துக்குக் கீரையா?” என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிற வீடும் உண்டு. அந்த வீட்டில் வாதாடாதீர்கள். கீரைக்குப் பதில் காலிஃபிளவரும் கேரட்டும் போட்டுவிடலாம். பால் 6 சதம் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாலாக இருந்தால் குழைவு நன்றாக வரும். 3 சதக் கொழுப்புப் பாலிலும் செய்யலாம், கொஞ்சம் வெறுமையாக இருக்கும். தண்ணீர் கலந்த பால் மட்டும் வேண்டவே வேண்டாம்.

செய்முறை

முந்தின ராத்திரியே தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, கீழே ஒரு கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள் வடிய விடுங்கள். காலையில் பார்த்தால் அரை கிலோ தயிர் 200 கிராம் அளவுக்குக் கெட்டியாகச் சுருங்கியிருக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய நல்லது. வெளிநாட்டில் இதற்கு க்ரீம் சீஸ் என்று விலை கூடிய ஒன்றைப் போடுவார்கள். நம் கட்டித் தயிர் அந்த வேலையைப் பாதி விலையில் செய்துவிடும், லேசான புளிப்பும் கிடைக்கும்.

கீரையை மூன்று தண்ணீரில் அலசி, கொதிக்கும் தண்ணீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறாது. அடுத்து வருவதுதான் முக்கியம். இரண்டு கையாலும் உருண்டை பிடித்து, ஒட்டப் பிழிய வேண்டும். துணி பிழிகிற மாதிரி. பிழிந்த பிறகு பொடியாக நறுக்குங்கள். கீரையில் தண்ணீர் தங்கினால் தட்டத்தின் ஓரத்தில் பச்சைத் தண்ணீர் பிரிந்து நிற்கும். பார்க்கிறவர்கள் கெட்டுப்போச்சு என்றுதான் நினைப்பார்கள். காளான் போட ஆசைப்பட்டாலும் இதே கதைதான், தனியாக வதக்கித் தண்ணீர் சுண்டிய பிறகே சேர்க்க வேண்டும்.

சோள முத்தை வேகவைத்துப் பாதியை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். முழு முத்து கடிக்க நன்றாக இருக்கும், அரைத்தது கலவைக்கு இனிப்பும் கெட்டியும் தரும்.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டைப் போட்டுக் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குங்கள். சிவக்க விடாதீர்கள், நிறம் கெட்டுவிடும். இப்போது தீயைக் குறைத்து மைதாவைத் தூவி 2, 3 நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவு வாசனை போய், பிஸ்கட் வாசனை வரும். அதுதான் பதம். பாத்திரத்தை இறக்கி வைத்து, ஆறின பாலைக் கால் டம்ளர் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். அது பசைபோல் ஆனதும் அடுத்த கால் டம்ளர். மொத்தப் பாலையும் ஒரே மூச்சில் ஊற்றினால் கட்டி தட்டும். அப்படிக் கட்டி தட்டினாலும் பதற வேண்டாம், கீரை போடுவதற்கு முன் சல்லடையில் வடிகட்டி வெங்காயத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். பால் முழுதும் சேர்ந்ததும் அடுப்பில் ஏற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். பால் அடி பிடித்தால் அந்த வாடை எந்த மசாலாவிலும் போகாது. கொதி வந்த பிறகு இன்னும் 5 நிமிடம் வேக வேண்டும். கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு போட்டால் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கிற பதத்தில் இறக்குங்கள்.

கீரை, சோளம், மிளகு, ஜாதிக்காய் சேர்த்துக் கிளறி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கட்டித் தயிரையும் துருவிய சீஸில் முக்கால் பங்கையும் கலந்துவிடுங்கள். உப்பை இப்போதுதான் பார்க்க வேண்டும். சீஸில் ஏற்கெனவே உப்பு உண்டு, முன்னாடியே போட்டால் கரித்துவிடும். காரம் வேண்டும் என்கிற வீட்டுக்குப் பச்சை மிளகாய் இரண்டை வெங்காயத்தோடு வதக்கிக்கொள்ளலாம். நம் ஊர் நாக்குக்கு அதுதான் பிடிக்கிறது, குழந்தைகள் விருந்து என்றால் மட்டும் மிளகோடு நிறுத்துங்கள்.

ஸ்டீல் தட்டத்தில் வெண்ணெய் தடவிக் கலவையை ஒன்றரை அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். அதற்கு மேல் உயரம் கூடினால் ஓரம் காய்ந்து நடு சூடேறாமல் இருக்கும். மீதி சீஸைத் தூவி, ஓவனில் 180 டிகிரி சூட்டில் 20 முதல் 25 நிமிடம். நடுவில் குமிழ் விட்டுக் கொதித்தால்தான் வெந்தது என்று அர்த்தம். ஓரத்துக் குமிழைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

ஓவன் இல்லையே?

ஓவன் இல்லை என்பதற்காக யாரும் ஒதுங்க வேண்டாம். பழைய கனமான அலுமினியக் குண்டானில் அரை அங்குலத்துக்குக் கல் உப்பு அல்லது சுத்தமான மணல் பரப்பி, நடுவில் ஒரு பிரிமணை வைத்து, மூடி போட்டு மிதமான தீயில் 10 நிமிடம் காய விடுங்கள். பிறகு தட்டத்தை உள்ளே இறக்கி மூடி, 30 நிமிடம் வைத்தால் ஓவன் வேலையை அது செய்துவிடும். குக்கரில் செய்கிறவர்கள் காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், இது ஆபத்து சம்பந்தப்பட்ட விஷயம். தினம் சோறு வடிக்கிற நல்ல குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், வெறும் சூட்டில் கெட்டுப்போகும். கண்ணாடித் தட்டமும் கூடாது.

குண்டானில் வைத்தால் ஒரே குறை, மேல்பக்கம் சிவக்காது. அதற்குத்தான் ரஸ்க். ரஸ்கைப் பொடித்து, ஒரு ஸ்பூன் வெண்ணெயில் வாணலியில் பொன்னிறமாக வறுத்து, வெந்த டிப்பின் மேல் தூவிவிட்டால் நிறமும் வரும், மொறுமொறுப்பும் வரும். உண்மையைச் சொன்னால் ஓவனில் சிவந்ததைவிட இது எனக்கு ருசியாகவே தெரிகிறது.

இன்னொரு வழியும் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கேக் மாவை வீட்டில் கலந்து, பக்கத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோய் அந்த அடுப்பில் வேகவைத்து வாங்குவது பழைய வழக்கம். பெரிய ஆர்டர் வந்தால் தெரிந்த பேக்கரியில் தட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பாருங்கள். உட்கடன் எடுத்து ஓவன் வாங்குகிற யோசனையைப் பத்து ஆர்டர் முடியும்வரை தள்ளி வையுங்கள். பத்து ஆர்டர் வந்தால் ஓவன் தானே தன் விலையைக் கொடுக்கும். வராவிட்டால் மூலையில் கிடக்கும், தவணை மட்டும் மாதாமாதம் வரும். வாங்கிய பிறகும் மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். 1500 வாட் ஓவன் 40 நிமிடம் ஓடினால் 1 யூனிட்.

சூடு ஆறினால் பண்டம் எதிரி

இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் புளிப்பும் காவல் காக்கின்றன. அப்பளத்திலும் வடகத்திலும் ஈரமே இல்லை. அதனால் ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் யாருக்கும் வயிறு கெடாது. டிப் அப்படி இல்லை. பால், சீஸ், வெந்த மாவு, வெந்த காய், ஈரம். கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. அதிலும் கலவை வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் ரொம்ப மோசம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். நம் சென்னை வெயிலில் சொல்லவே வேண்டாம்.

ஆகவே ஒன்று, கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும், அல்லது ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற நேரம் எல்லாம் சேர்த்து 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. விருந்து வீட்டில் சூடாக வைக்க ஒரு சுலப வழி: அகலமான பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அதற்குள் டிப் தட்டத்தை வைத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் வெளியே வைக்காமல், இரண்டு சின்னத் தட்டமாகச் செய்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைச் சூடாக எடுத்தால் இன்னும் நல்லது. கம்பித் தெர்மாமீட்டர் ஒன்று குழுப் பொதுவில் வாங்கி வைத்தால் சந்தேகமே இல்லை. வேகும்போது நடுவில் 75 டிகிரி, பரிமாறும்போது 60-க்குக் கீழே இறங்கக் கூடாது.

“ஆறிப்போனா என்னக்கா, திரும்ப சூடு பண்ணிக்கலாமே?” இந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. எல்லாக் கிருமிக்கும் இது செல்லாது. நம் தோலிலும் மூக்கிலும் புண்ணிலும் இருக்கிற ஒரு வகைக் கிருமி, ஸ்டஃபைலோகாக்கஸ் என்று பெயர், உணவில் பெருகும்போது ஒரு விஷத்தைக் கக்குகிறது. கொதிக்க வைத்தால் கிருமி செத்துப்போகும், விஷம் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். குழந்தைகள்தான் முதலில் சுருண்டு விழுவார்கள். அதனால் விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருக்கிற சகோதரி அன்றைக்குச் சமையலில் சேர வேண்டாம், கணக்கு எழுதும் வேலையைப் பார்க்கட்டும். வயிறு சரியில்லாதவரும் அப்படியே. கூலி போய்விடுமே என்று மறைக்கிறார்கள் அல்லவா, அதற்கு குழுவே முதலில் ஒரு முடிவு எடுத்துத் தீர்மான நோட்டில் எழுதிவிடுவது நல்லது: உடம்பு முடியாமல் ஒதுங்கினவருக்கும் அன்றைய பங்கு உண்டு என்று. அப்படி எழுதாத குழுவில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

முந்தின நாளே கலந்து வைக்கலாமா என்றால், ஃப்ரிட்ஜ் இருந்தால் வைக்கலாம். ஆழமான பாத்திரத்தில் மூடி வைக்காதீர்கள், நடுச்சூடு ஆறவே ஆறாது. அகலமான தட்டத்தில் மெல்லிசாகப் பரப்பி, தண்ணீரில் வைத்து ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். மறுநாள் ஓவனில் கூடுதலாகப் பத்து நிமிடம் வையுங்கள். மின்வெட்டு அடிக்கடி வருகிற தெருவில் இந்த வேலையே வேண்டாம், அன்றன்றைக்குச் செய்வோம்.

விருந்து முடிந்து மிஞ்சினதை என்ன செய்வது? மேசையில் 2 மணி நேரம் கிடந்தது என்றால் கொட்டத்தான் வேண்டும். வயிறு எரியும், தெரியும். “வீணாப் போகுதே, புள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போறேன்” என்று நம் பெண்கள் டப்பாவில் போடுவதைப் பார்த்திருக்கிறோம். செய்த நமக்கே வாந்தி வந்தால் யார் பொறுப்பு?

பால் சேராதவர்களுக்கு ஒரு மாற்று

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் விருந்துக்கு வரலாம். ஆர்டர் எடுக்கும்போதே “இதில் பால், சீஸ், மைதா இருக்கு” என்று சொல்லிவிட வேண்டும். அவர்களுக்காகச் சுட்ட கத்தரிக்காய் டிப் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வீட்டுக்காரம்மாவுக்கு ரொம்ப திருப்தி. கத்தரிக்காய் சுட்டுக் கொத்சு செய்கிறவர்கள் நாம், இது சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லை. அரபு நாட்டில் இதை பாபா கனூஷ் என்கிறார்கள். வேலைக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும். பெரிய கத்தரிக்காய் ஒரு கிலோவை எண்ணெய் தடவித் தணலில் சுட்டுத் தோல் உரித்து மசித்து, இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வறுத்து நல்லெண்ணெய் விட்டு நைசாக அரைத்துச் சேர்த்து, பூண்டு, உப்பு, எலுமிச்சம் பழச் சாறு கலந்தால் முடிந்தது. எள்ளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

கணக்கு போட்டால்தான் தொழில்

விலை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். கணக்கு போடும் முறை விளங்குவதற்காக ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்கள் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 30 பேருக்கான டிப்புக்கும் அதோடு தரும் ரொட்டித் துண்டு, கேரட், வெள்ளரிக்கும் சேர்த்துச் சாமான் 450 ரூபாய் என்று வைப்போம். கேஸ் 30, தட்டும் டிஷ்யூவும் 60, ஆட்டோ 60. மொத்தம் 600. நம் பெண்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 700 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு “நூறு ரூபா லாபம்க்கா” என்பார்கள்.

அது லாபமா? இரண்டு பேர் இரண்டரை மணி நேரம் வேலை செய்திருக்கிறார்கள். ஐந்து மணி நேர உழைப்புக்கு 100 ரூபாய் என்றால் மணிக்கு 20 ரூபாய். இதற்கு யாராவது நம்மை வேலைக்குக் கூப்பிட்டால் போவோமா? சண்டைக்குத்தான் போவோம். நம்மை நாமே அந்தக் கூலிக்கு வைத்துக்கொள்வது மட்டும் எப்படிச் சரி? மணிக்கு 60 ரூபாய் என்று போட்டாலும் கூலி 300. பாத்திரத் தேய்மானத்துக்கு 50. ஆக அடக்கவிலை 950. அதன் மேல் 15 சதம் வைத்தால் 1,092, முழுசாக 1,100 ரூபாய். தலைக்கு 37 ரூபாய்க்குள். கூலி அவரவர் கைக்குப் போகட்டும், லாபம் குழுக் கணக்குக்கு வரட்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் அடுத்த மாதக் கூட்டத்தில் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

“பக்கத்துக் கடையில் சமோசா இன்னும் மலிவாச்சே” என்று வீட்டுக்காரம்மா பேரம் பேசுவார். சமோசாவோடு போட்டி போட வேண்டாம். ஒரு சின்னக் கிண்ணத்தில் மாதிரி கொடுத்துச் சாப்பிடச் சொல்லுங்கள், வாயே பதில் சொல்லும். விலை குறைக்கச் சொன்னால் அளவைக் குறைத்துத் தரலாம். பாலில் தண்ணீரும் சீஸுக்குப் பதில் ஏதோ ஒன்றும் கலந்து விலை குறைத்தால் இரண்டாவது ஆர்டர் வராது.

100 பேருக்கு ஆர்டர் வந்தால் எல்லாவற்றையும் மூன்றரை மடங்காக்கி ஒரே அண்டாவில் கிண்டிவிடாதீர்கள். பால் அதிகமானால் அடியில் பிடிக்கும், மேலே வேகாது. அரை லிட்டர் அல்லது ஒரு லிட்டர் பாலாகப் பிரித்துச் செய்வதே பாதுகாப்பு. முதல் மாதம் 40 பேருக்கு மேல் ஆர்டர் எடுக்காமல் இருந்தாலே நல்லது.

பதிவும் பார்சலும்

வீட்டில் செய்து விற்றாலும் அது உணவுத் தொழில்தான். 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. சின்னத் தொழிலுக்கு உரிமம் என்ற பெரிய நடைமுறை இல்லை, பதிவு செய்தால் போதும். அரசு இணையதளத்தில் ஃபோட்டோவும் அடையாள அட்டையும் கொடுத்துப் பதியலாம், 14 இலக்க எண் கிடைக்கும். கணினி தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அரை நாள் வேலை. நடுவில் வந்து ஆயிரம் கொடு, இரண்டாயிரம் கொடு என்று கேட்கிற ஆளுக்குத் தராதீர்கள். அந்த எண்ணை ரசீதில் அச்சடித்துக் கொடுக்கும்போது வாங்குகிறவர் பார்வையே மாறும். கம்பெனி விசேஷ ஆர்டருக்கு அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

தட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் கப் எல்லாம் அதில் வரும். சூடான, எண்ணெய்ப் பசையுள்ள பண்டத்தை அதில் வைப்பது உடம்புக்கும் நல்லதில்லை. பாக்கு மட்டைத் தட்டு பொருத்தம், சூடு தாங்கும், பார்க்கவும் அழகு. பாக்கு மட்டைத் தட்டு செய்கிற குழுக்கள் நம்மிடமே இருக்கும்போது கடையில் வாங்குவானேன்?

ஸ்டீல் தட்டத்தோடு கொடுத்தால் தட்டத்துக்கு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் பேசிய அன்றே பாதித் தொகை, கொண்டுபோய்க் கொடுக்கும்போது மீதி. எந்த மணிக்குக் கொடுத்தோம் என்பதை ரசீதிலேயே எழுதி, அதற்குக் கீழே “2 மணி நேரத்துக்குள் சாப்பிடவும்” என்று எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தையும் அதில் வாங்கிவிடுங்கள்.